சின்ன பட்டறைக்கு சிஎன்சி ரௌட்டர்: காசு கட்டறதுல இருந்து முதல் போர்டு வெட்டறது வரைக்கும்

நான் மொதல்ல வாங்கினது 3018ங்கற சின்ன சிஎன்சி ரௌட்டருங்க, அதாவது கம்ப்யூட்டர் சொல்றபடி சுத்தற பிட்ட (வெட்டற முனைய) நகத்தி மரம் வெட்டற மெஷின். 18 ஆயிரம் ரூபாய். தேக்குல பேர்ப்பலகை வெட்டி வித்துரலாம்னு கணக்கு. அட்டைப்பெட்டியப் பிரிச்சு ரெண்டு நாள் உக்காந்து மாட்டி முடிச்சு, பக்கத்து வீட்டு அண்ணன் கேட்ட ஒரு அடி போர்ட கொண்டு வந்து வெச்சா அது மெஷினுக்குள்ளயே போகல. 3018ன்னா 300 மி.மீ x 180 மி.மீ. ஒரு அடின்னா 304.8 மி.மீ. அந்த அஞ்சு மி.மீல ஆரம்பிச்சது என் கதை. அப்புறம் சின்ன போர்டா எடுத்து வெட்டினேன், ஒரு பேருக்கு ஆறு மணி நேரம் ஓடுச்சு, நடுவுல கரண்ட் போச்சு, போர்டு குப்பைக்குப் போச்சு.

இப்ப கோயம்புத்தூர்ல நம்ம வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டுல 6090 (600 மி.மீ x 900 மி.மீ) ஓடுது. நடுவுல போன காசையும் நாளையும் நீங்க மிச்சம் பண்ணணும்னுதான் இத எழுதறேன். சிஎன்சின்னா என்னன்னு நீளமா விளக்கமெல்லாம் இல்ல, நேரா வேலைக்குப் போயிரலாம்.

1. மெஷினப் பாக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர எடுங்க

மூணு விஷயம் எழுதுங்க. என்ன மெட்டீரியல், எவ்ளோ பெருசு, எவ்ளோ தடிமன். இத எழுதாம கடைக்குப் போனா கடைக்காரர்கிட்ட எது ஸ்டாக்ல இருக்கோ அதுதான் உங்களுக்குத் தேவைன்னு ஆயிரும்.

சாவிக்கொத்து, சின்ன முத்திரை, அக்ரிலிக்ல எழுத்து பொறிக்கறது, பிசிபி (எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு) இதெல்லாம்னா 3018 போதும், கத்துக்கறதுக்கும் அது நல்ல மெஷின், அத நான் குறை சொல்ல மாட்டேன். பேர்ப்பலகை, சின்ன பூஜை ரூம் கதவுக்கு ஜாலி (ஓட்டை ஓட்டையா வர்ற டிசைன்), கிஃப்ட் அயிட்டம்னா 6040 இல்ல 6090. முழு பிளைவுட் ஷீட்டு, டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த ஷீட்டு) ஜாலி கட்டிங், கதவு டிசைன்னா 8 அடிக்கு 4 அடி ஷீட்டு படுக்கற 1325 வேணும், ஆனா அது ஹாபி கிடையாது, அது தொழில், அதுக்கு இடமும் கரண்டும் வேற கணக்கு.

அலுமினியமும் வெட்டணும்னு ஆசை இருந்தா இப்பவே எழுதிருங்க. மரத்துக்கு ஓடற ஆட்டம் காணற ஃப்ரேம் அலுமினியத்துக்கு ஆகாது, பிட்டு உடையும்.

இன்னொரு பொறி, நம்ம ஆசாரிங்க நூல் கணக்குல பேசுவாங்க. ஆறு நூல் பிளைவுட்னா முக்கால் இன்ச்சு, கடையில அதுக்குப் பேரு 18 எம்எம், கேலிப்பர்ல அளந்தா 17 சொச்சம் கூட வரும். ஸ்லாட் போட்டு கோக்கற டிசைன்ல இந்த அர மி.மீ போதும் மொத்தமும் லொடலொடன்னு ஆகறதுக்கு. ஷீட்டு வாங்கி அளந்துட்டு அப்புறம் வரைங்க.

2. ஃப்ரேம், ரயில், ஸ்க்ரூ

விளம்பரத்துல ஸ்பிண்டில் (பிட்ட புடிச்சு சுத்தற மோட்டார்) வாட்ஸத்தான் பெருசா போடுவாங்க. நீங்க பாக்க வேண்டியது அதில்ல. மெஷின் ஆஃப்ல இருக்கும்போது ஸ்பிண்டிலக் கையால புடிச்சு பக்கவாட்டுல தள்ளிப் பாருங்க. கண்ணுக்குத் தெரியற மாதிரி அசைஞ்சா, வெட்டும்போதும் அதேதான் அசையும், வட்டம் வெட்டினா கோழி முட்டை வரும்.

ரயில்ல மூணு வகை கண்ணுல படும். அலுமினியம் ப்ரொஃபைல் மேல பிளாஸ்டிக் வீல் ஓடறது, உருண்டக் கம்பி மேல ஓடறது, சதுரமா இருக்கற லீனியர் கைடு. கை அடக்கமான பட்ஜெட்டுக்கு உருண்டக் கம்பியும் ஓகேதான், ஆனா கம்பி ரெண்டு முனையில மட்டும் தாங்கியிருந்தா வேண்டாம், அடியில முழு நீளத்துக்கும் தாங்கு இருக்கணும். சதுர கைடு கிடைச்சா யோசிக்காம எடுங்க.

ஸ்க்ரூல 1605 பால் ஸ்க்ரூ கேளுங்க. 16 மி.மீ விட்டம், ஒரு சுத்துக்கு 5 மி.மீ நகரும். 3018ல வர்ற டி8 லீட் ஸ்க்ரூல நட்டு தேய தேய ப்ளே (லூஸ் ஆட்டம்) வரும், திசை மாறும்போது அங்க ஒரு சின்ன பல்லு மாதிரி விழும். ஸ்க்ரூவ சுத்தற ஸ்டெப்பர் மோட்டார் நீமா 23 சைஸ், அத ஓட்டற டிரைவர் போர்டு என்ன மாடல்னு எழுதித் தரச் சொல்லுங்க, "நல்ல டிரைவர் போட்டுருக்கோம் சார்"ங்கறது மாடல் நம்பர் கிடையாது.

3. ஸ்பிண்டிலா, ட்ரிம்மரா

மூணு வழி இருக்கு. 3018ல வர்ற 775 டிசி மோட்டார், அது பொறிக்கறதுக்குத்தான். அடுத்து கார்பெண்டர் வெச்சிருக்கற ட்ரிம்மர் மாதிரி ரௌட்டர், மகிட்டா ஆர்டி0700சி மாதிரி, 710 வாட்ஸ், 65 மி.மீ உடம்பு, 10 ஆயிரத்துல இருந்து 30 ஆயிரம் ஆர்பிஎம், வேகத்த டயல்ல மாத்திக்கலாம். விலை கம்மி, கெட்டுப்போனா உள்ளூர்லயே கார்பன் பிரஷ் கிடைக்கும், ஆனா சத்தம் காதக் கிழிக்கும். மூணாவது விஎஃப்டியோட (ஹெர்ட்ஸ மாத்தி வேகத்த மாத்தற பெட்டி) வர்ற ஸ்பிண்டில், 800 வாட்ஸ், 1.5 கிலோவாட், 2.2 கிலோவாட்னு. சத்தம் கம்மி, மணிக்கணக்கா ஓடும்.

காலெட்டையும் (பிட்டோட தண்ட இறுக்கிப் புடிக்கற வளையம்) பாருங்க. இஆர் 11னா 7 மி.மீ வரைக்கும்தான் பிட்டு மாட்ட முடியும், இஆர் 20ன்னா 13 மி.மீ வரைக்கும். 8 மி.மீ, 12 மி.மீ தண்டு இருக்கற ஆசாரி பிட்டெல்லாம் கையில வெச்சிருந்தீங்கன்னா இஆர் 11ல அது ஏறாது.

விஎஃப்டி வாங்கினா ஒரு எச்சரிக்கை, இது ரொம்ப முக்கியம். இந்த ஸ்பிண்டில் 400 ஹெர்ட்ஸ்ல 24 ஆயிரம் சுத்தறதுக்கு சுத்தினது. விஎஃப்டிய சாதா மோட்டாருக்கான 50 ஹெர்ட்ஸ் செட்டிங்லயே விட்டு ஓட்டினா காயில் எரிஞ்சுரும். ஹுவான்யாங் விஎஃப்டின்னா பிடி004, பிடி005ங்கற செட்டிங் ரெண்டுலயும் 400 இருக்கான்னு பாத்துட்டுதான் ரன் பட்டனத் தொடணும். ஏர் கூல்டு ஸ்பிண்டிலுக்கு பிடி011ல 120 வையுங்க, ஏன்னா அதுல ஃபேன் தண்டுலயே சுத்துது, மெதுவா ஓட்டினா காத்து வராது. விஎஃப்டிக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவுல சுவிட்ச் போடாதீங்க. ஆஃப் பண்ணின உடனே மூடியத் திறக்காதீங்க, கெப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும், பத்து நிமிஷம் டீ குடிச்சுட்டு வாங்க.

4. கொட்டேஷன், பேப்பர், காசு

இங்கதான் நான் அதிகமா அடி வாங்கினேன். எனக்கு வந்த முதல் கொட்டேஷன்ல ஒரே ஒரு வரி, "சிஎன்சி ரௌட்டர் 6090 ஃபுல் செட்" அவ்ளோதான். அட்வான்ஸ் முழுசா கட்டிட்டேன். 20 நாள்னாங்க, 55 நாள் ஆச்சு, வந்தத பாத்தா டிரைவர் வேற, ஸ்பிண்டில் 1.5க்குப் பதிலா 800 வாட்ஸ். சண்ட போட்டு மாத்தறதுக்கு இன்னும் ஒரு மாசம். யாருன்னு சொல்லல, அது இப்ப தேவையில்ல, கொட்டேஷன் ஒரே வரியா இருந்ததுக்கு நானும்தான் காரணம்.

கொட்டேஷன்ல இதெல்லாம் தனித்தனி வரியா வரணும்: வெட்டற அளவு, இசட் (மேல கீழ போற அச்சு) எவ்ளோ ஏறும், ரயில் வகை, ஸ்க்ரூ வகை, மோட்டார், டிரைவர் மாடல், ஸ்பிண்டில் கிலோவாட், விஎஃப்டி மாடல், கண்ட்ரோலர், வாரண்டி எத்தன மாசம், எதுக்கெல்லாம், வண்டி வாடகை யாருது, எத்தன நாள்ல தருவாங்க, மாட்டித் தந்து ஓட்டிக் காட்டுவாங்களா. காசு பாதி அட்வான்ஸ், மீதிய பட்டறையில ஓட்டிப் பாத்துட்டு. இதுக்கு ஒத்துக்காதவங்ககிட்ட வாங்காதீங்க.

மர மெஷினுக்கு எச்எஸ்என் (வரிக்கான பொருள் வகை எண்) 8465, ஜிஎஸ்டி 18 சதவீதம். "பில்லு இல்லாம வாங்கினா 18 மிச்சம்"னு சொல்வாங்க. பில்லு இல்லன்னா வாரண்டி இல்ல, லோன் இல்ல, நாளைக்கு விக்கும்போது விலையும் இல்ல, ஜிஎஸ்டி நம்பர் வெச்சிருந்தா திரும்பி வர்ற கிரெடிட்டும் இல்ல. வேற மாநிலத்துல இருந்து வருதுன்னா 50 ஆயிரத்துக்கு மேல ஈ-வே பில் (சரக்கு வண்டிக்கான ஜிஎஸ்டி சீட்டு) கட்டாயம், அது இல்லாம வண்டி ஏத்தினா வழியில நிக்கும், உங்க மெஷினும் நிக்கும்.

வெளிநாட்டுல இருந்து கூரியர்ல வரவழைக்கறவங்க ஆதாரும் விலாசச் சான்றும் கேஒய்சிக்கு ரெடியா வெச்சுக்கங்க, கஸ்டம்ஸ்ல டியூட்டி, அதுக்கு மேல ஐஜிஎஸ்டி, கூரியர்காரங்க கிளியரன்ஸ் சார்ஜ் எல்லாம் சேரும், சைட்டுல பாக்கற விலை பொய் விலை. தொழில் பேர்ல இறக்கணும்னா ஐஇசி (ஏற்றுமதி இறக்குமதி நம்பர்) எடுக்கணும், ஆன்லைன்லயே, ஃபீஸ் 500 ரூபாய்.

மானியம் நினைக்கறவங்களுக்கு: பிஎம்இஜிபில (புதுத் தொழிலுக்கு மத்திய அரசு தர்ற கடன் மானியத் திட்டம்) பொதுப்பிரிவுக்கு டவுன்ல 15, கிராமத்துல 25 சதவீதம், சிறப்புப்பிரிவுக்கு (பெண்கள், எஸ்சி, எஸ்டி, ஓபிசி எல்லாம் அதுல வருவாங்க) 25, 35. மாவட்ட தொழில் மையத்துல போய்க் கேளுங்க. ஆதார், பான், படிப்புச் சான்று, சாதிச் சான்று, திட்ட அறிக்கை, மெஷின் கொட்டேஷன் இதெல்லாம் கேப்பாங்க. பொறி என்னன்னா இது புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு மட்டும். நான் மெஷின வாங்கி ஓட்ட ஆரம்பிச்சுட்டு போய் நின்னேன், ஏற்கனவே நடக்கற யூனிட்டுக்குக் கிடையாதுன்னுட்டாங்க. ஒரு மாசம் பொறுத்திருந்தா கிடைச்சிருக்கும். உத்யம் (சிறுதொழில்) பதிவுக்கு ஆதாரும் பானும் போதும், அரசாங்க சைட்டுல அது இலவசம். ரெண்டாயிரம், மூவாயிரம் கேக்கற சைட்டெல்லாம் புரோக்கர்.

என் கணக்கு அப்படியே போடறேன். மெஷின் 1,60,000. ஜிஎஸ்டி 28,800. வண்டி, இறக்குகூலி 6,500. தனி லைன் இழுத்தது 9,000. தூசி உறிஞ்சற மெஷினும் பைப்பும் 14,000. பிட்டு 11,500. பழைய கம்ப்யூட்டர் 15,000. சாஃப்ட்வேர் 28,000. கத்துக்கறேன்னு பாழாக்கின ஷீட்டு 8,000. மொத்தம் 2,80,800. மெஷின் விலைய மட்டும் கையில வெச்சுக்கிட்டு இறங்கினா நடுவழியில நிப்பீங்க, கையில இருக்கறதுல பாதிக்குக் கொஞ்சம் மேல மெஷினுக்கு, மீதி மத்ததுக்குன்னு ஒதுக்கி வையுங்க.

5. கரண்டும் தூசியும் மெஷின் வர்றதுக்கு முன்னாடியே

மெஷின் வந்து இறங்கினதுக்கு அப்புறம் எலக்ட்ரீஷியன தேடாதீங்க. தனி லைன், தனி எம்சிபி, 16 ஆம்ப் பிளக்கு, நல்ல எர்த்து. வீட்டு லைன்ல ஓட்டி வியாபாரம் பண்றது ஈபில புடிச்சா அபராதம், சின்னத் தொழிலுக்குத் தனி டாரிஃப் இருக்கு, உத்யம் சான்றோட செக்‌ஷன் ஆபீஸ்ல கேட்டுருங்க.

எர்த்து பத்தி ஒரு கதை. எனக்கு ஸ்பிண்டில் ஆன் பண்ணி அஞ்சு நிமிஷத்துல யூஎஸ்பி கட் ஆகும், மெஷின் பாதியில நிக்கும். கேபிள் மாத்தினேன், கம்ப்யூட்டர் மாத்தினேன், விண்டோஸ் மாத்தினேன், மூணு வாரம். கடைசியில இங்க கணபதி ஏரியா பக்கம் லேத் பட்டறை வெச்சிருக்கற ஒரு அண்ணன் வந்து மல்டிமீட்டர வெச்சாரு, ஸ்பிண்டில் பிளக்குல நாலாவது பின் உள்ள எங்கயும் இணைக்கவே இல்ல. ஸ்பிண்டில் பாடிக்கு எர்த்து கொடுத்து, ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்ட விஎஃப்டி பக்கம் மட்டும் எர்த்து பண்ணி, யூஎஸ்பி வயர பவர் வயர்கிட்ட இருந்து பிரிச்சு விட்டோம், அன்னைக்கு நின்ன தொல்லை இன்னைக்கு வரைக்கும் வரல. உங்களுக்கும் இதே மாதிரி ஆச்சுன்னா மொதல்ல லேப்டாப்ப சார்ஜர்ல இருந்து பிடுங்கி பேட்டரில ஓட்டிப் பாருங்க, பிரச்சனை குறைஞ்சா நாய்ஸ்தான், அதாவது பவர் வயர்ல இருந்து சிக்னல்ல ஏறற தொந்தரவு.

தூசிய சாதாரணமா நினைக்காதீங்க. எம்டிஎஃப் தூசி மாவு மாதிரி, மூக்குக்குள்ள போய் ஒக்காந்துக்கும், அதுல பசையும் இருக்கு. துணி கர்ச்சீப் பத்தாது, என்95 போடுங்க. ஷாப் வேக்கம் நேரா போட்டா ஃபில்டர் அரை மணி நேரத்துல அடைச்சுக்கும், நடுவுல ஒரு சைக்ளோனும் (காத்த சுழட்டி தூளப் பிரிக்கற கூம்பு) வாளியும் வெச்சா தூள் வாளியில விழுந்துரும். கண்ணாடி கட்டாயம். கையுறை மட்டும் போடவே போடாதீங்க, சுத்தற பிட்டு நூலப் புடிச்சா கையையும் இழுத்துக்கும். தீயணைப்பான் ஒண்ணு கைக்கு எட்டற தூரத்துல இருக்கட்டும், மொக்கை பிட்டு தேச்சு கனன்ற தூள் வேக்கத்துக்குள்ள போய்தான் பத்திக்கும்.

3018ஓட லேசர் ஹெட்டும் சேத்து விப்பாங்க. அதுல பிவிசி, ரெக்சின் மாதிரி சாமான வெச்சு சுடாதீங்க, வர்ற புகை நுரையீரலையும் அரிக்கும் மெஷின் கம்பியையும் அரிக்கும்.

6. மெஷின் வந்த அன்னைக்கு

மீதிக் காசு கொடுக்கறதுக்கு முன்னாடி இத செய்ங்க, வந்தவங்க அவசரப்படுத்துவாங்க, விடாதீங்க.

கொத்தனார் மூலமட்டம் பாக்கற அதே 3-4-5 கணக்கு. ஒரு பழைய பலகையில மெஷின வெச்சே மூணு ஓட்டை போடுங்க: மூலையில ஒண்ணு, எக்ஸ்ல 300 தள்ளி ஒண்ணு, ஒய்ல 400 தள்ளி ஒண்ணு. குறுக்க அளந்தா 500 வரணும். 501 வந்தா 400 மி.மீ நீளத்துல ஒன்றரை மி.மீக்கு மேல சாஞ்சிருக்குன்னு அர்த்தம், சட்டம் மாட்டினா மூலை சேராது.

அப்புறம் 200 மி.மீ நகரச் சொல்லி அளந்து பாருங்க. 1605 ஸ்க்ரூ, மோட்டார் ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப்பு, டிரைவர்ல 8 மைக்ரோஸ்டெப்புன்னா (ஒரு ஸ்டெப்ப எட்டாப் பிரிக்கறது) 1600ஐ 5ஆல வகுத்தா 320, ஜிஆர்பிஎல்ல (கண்ட்ரோலர் போர்டுல ஓடற புரோகிராம்) டாலர் 100, 101 ரெண்டுலயும் இந்த எண்தான் இருக்கணும், இசட்டுக்கு டாலர் 102, அதுல வேற ஸ்க்ரூ போட்டிருந்தா எண்ணும் மாறும். 3018ல 800 இருக்கும், அங்க ஸ்க்ரூவும் மைக்ரோஸ்டெப்பும் வேற.

எமர்ஜென்சி பட்டன ஓடும்போது அமுக்கிப் பாருங்க. மோட்டார் நிக்குது ஆனா ஸ்பிண்டில் சுத்திக்கிட்டே இருக்குன்னா அது எமர்ஜென்சி இல்ல, அத மாத்தித் தரச் சொல்லுங்க. கடைசியா வயரிங் டயகிராம் வாங்குங்க, எல்லா செட்டிங்கையும் விஎஃப்டி எண்ணையும் போன்ல படம் புடிச்சு வையுங்க.

7. சாஃப்ட்வேர், அப்புறம் நம்ம தமிழ் எழுத்து

மூணு வேலை, மூணு சாஃப்ட்வேர்: வரையறது, பாதை போடறது, மெஷினுக்கு அனுப்பறது. வரையறதுக்கு இங்க்ஸ்கேப் இலவசம். அனுப்பறதுக்கு யுஜிஎஸ், கேண்டில் ரெண்டும் இலவசம். நடுவுல இருக்கற பாதைக்குத்தான் காசு. ஃப்ரீகேட் இலவசம், பொறுமை வேணும். ஃப்யூஷன் (முன்னாடி ஃப்யூஷன் 360) பெர்சனல் லைசென்ஸ் இலவசம்தான், ஆனா அது வியாபாரத்துக்கு இல்ல. மரத்துல எழுத்து வேலைக்கு வீகார்வ் மாதிரி வேற இல்ல, காசு கொடுத்து வாங்கினேன், வருத்தமில்ல. மெஷின் விக்கறவங்க ஆர்ட்கேம் காப்பி ஒண்ண பென்டிரைவ்ல போட்டு "ஃப்ரீ சார்"னு கொடுப்பாங்க. அத 2018லயே ஆட்டோடெஸ்க் நிறுத்திருச்சு, அந்த காப்பியில என்ன வைரஸ் இருக்கோ, எனக்கு ஒரு தடவ டிசைன் ஃபோல்டர் முழுசும் போயிருச்சு.

தமிழ்ல பேர்ப்பலகை போடறவங்க இத நல்லா கவனிங்க. நேரா பாதை போடற சாஃப்ட்வேர்ல "கோகிலா"ன்னு டைப் பண்ணா பல சாஃப்ட்வேர்ல கொம்பும் காலும் எடம் மாறி நிக்கும். இங்க்ஸ்கேப்ல யூனிகோடு ஃபாண்ட்ல டைப் பண்ணி, பாத்-ங்கற மெனுவுல ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்து, எழுத்து ஒண்ணுமேல ஒண்ணு ஏறியிருந்தா யூனியன் கொடுத்து, எஸ்விஜியா சேவ் பண்ணி கொண்டு போங்க. கஸ்டமர் பாமினிங்கற பழைய, யூனிகோடு இல்லாத ஃபாண்ட்ல அனுப்புவாரு, ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல அது இங்கிலீஷ் குப்பையா தெரியும், பாத்-ஆ மாத்தி அனுப்பச் சொல்லுங்க, இல்ல பேர வாட்ஸ்அப்ல தமிழ்லயே டைப் பண்ணி வாங்கிக்கங்க. அந்த மெசேஜ்தான் நாளைக்கு எழுத்துப்பிழை சண்டையில உங்க சாட்சியும்.

எழுத்த தனியா வெட்டி எடுக்கற வேலையில புள்ளிதான் வில்லன். "க்"ல புள்ளி தனித்துண்டு, வெட்டி முடிக்கற நொடியில தெறிச்சு வேக்கத்துக்குள்ள போயிரும். நான் "செந்தில்"னு ஒரு போர்டுக்கு ரெண்டு புள்ளிய ஒரு மணி நேரம் தூசி வாளியில தேடியிருக்கேன். புள்ளிக்கு ரெண்டு டேப் (பலகையோட ஒட்டி நிக்கற வெட்டாத சின்னத் துண்டு) விடுங்க, இல்ல அடியில பட்டை மாதிரி ஒரு பேஸ் வெச்சு எல்லாத்தையும் அதுமேல ஒட்டற டிசைனா பண்ணுங்க. "இ", "ஞ", "ணை" மாதிரி சுழி உள்ள எழுத்துல உள் இடைவெளி பிட்டு விட்டத்த விடக் குறைவா இருந்தா சாஃப்ட்வேர் அந்த இடத்த சத்தமில்லாம விட்டுட்டுப் போயிரும், முன்னோட்டத்துல பெருசாக்கிப் பாருங்க. சின்ன எழுத்துக்கு வி பிட்டுதான் (முனை வி மாதிரி கூரா இருக்கறது) சரி, 60 டிகிரி ஒண்ணு வாங்கி வெச்சுக்கங்க.

8. பிட்டு, வேகம், ஆழம்

மொத நாளே 50 பிட்டு செட்டு வாங்காதீங்க. 3.175 மி.மீ ரெண்டு பல்லு அஞ்சாறு, 6 மி.மீ ரெண்டு பல்லு ரெண்டு, 60 டிகிரி வி பிட்டு ரெண்டு, அக்ரிலிக்குக்கு ஒத்தப்பல்லு ரெண்டு, மேடை சமன் பண்ண 22 மி.மீ சர்ஃபேசிங் பிட்டு ஒண்ணு. அப்கட் பிட்டு தூள மேல தள்ளும், பிளைவுட் மேல்பக்கம் பிசிறடிக்கும். டவுன்கட் மேல சுத்தமா வெட்டும், தூள் உள்ளயே அடைச்சு சூடாகும். முகப்பு தெரியற வேலைக்கு மொத பாஸ் (பிட்டு ஒரு தடவ ஓடற ஓட்டம்) டவுன்கட்ல போடறது என் பழக்கம்.

வேகத்துக்கு ஒரே கணக்கு: ஆர்பிஎம் x பல்லு x ஒரு பல்லு கடிக்கற அளவு. 18,000 x 2 x 0.05 மி.மீன்னா நிமிஷத்துக்கு 1,800 மி.மீ. 6 மி.மீ பிட்டுல தேக்குக்கு நான் இதுலதான் ஓட்டறேன், ஒரு பாஸுக்கு 3 மி.மீ ஆழம், பிட்டு விட்டத்துல பாதி. எம்டிஎஃப்னா விட்டம் அளவுக்கே இறங்கலாம். 3018ல இந்த கணக்கெல்லாம் ஆகாது, 3.175 பிட்டு, அரை மி.மீ ஆழம், நிமிஷத்துக்கு 500 மி.மீல ஆரம்பிங்க.

புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்பு, பயந்துட்டு மெதுவா ஓட்டறது. பிட்டு அதே எடத்துல சுத்தி சுத்தி தேய்க்கும், வெட்டாது, மரம் கருகி கரும்பு ஆலை வாசம் வரும், பிட்டு மொக்கையாகும், அதப் பாத்து இன்னும் மெதுவாக்குவோம். வர்றது மாவா இருந்தா ஆர்பிஎம்ம குறைங்க இல்ல வேகத்தக் கூட்டுங்க. செதில் செதிலா வந்தா சரியா இருக்கு. அக்ரிலிக் உருகி பிட்டுல சுத்திக்கிட்டா மொதல்ல ஷீட்டு காஸ்ட்டா (அச்சுல ஊத்தினது) எக்ஸ்ட்ரூடட்டான்னு (அழுத்தித் தள்ளினது) கேளுங்க, எக்ஸ்ட்ரூடட் மலிவு, வெட்டினா ஜவ்வுமிட்டாய்.

9. முதல் வெட்டு

மேடை மேல ஒரு 18 மி.மீ எம்டிஎஃப்ப திருகி, அத சர்ஃபேசிங் பிட்டால மெஷின வெச்சே சமன் பண்ணுங்க. இது பலிகடா பலகை, இதுல கோடு விழலாம். திருகு தலை ஆழமா புதைஞ்சிருக்கணும், சமன் பண்ணும்போது திருகுல மோதினது யாருன்னு கேக்காதீங்க.

புடிப்பு: பெரிய துண்டுக்கு கிளாம்ப்பு, சின்னதுக்கு துண்டோட அடியிலயும் மேடை மேலயும் மாஸ்கிங் டேப் ஒட்டி நடுவுல ஃபெவிக்விக். பிட்டு கிளாம்ப்புல போய் மோதறதுதான் முதல் மாசத்துல எல்லாருக்கும் நடக்கற விபத்து, பிட்டு ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குத் தாவற உயரம் கிளாம்ப்ப விட மேல இருக்கான்னு பாருங்க.

ஜீரோ (மெஷின் அளக்க ஆரம்பிக்கற எடம்): பொறிக்கற வேலைக்கு பலகையோட மேல்பக்கம். முழுசா வெட்டி எடுக்கற வேலைக்கு பலிகடா பலகை மேல ஜீரோ வெச்சுட்டா பிளைவுட் தடிமன் மாறினாலும் மேடையில பள்ளம் விழாது. ப்ரோப் தட்டு வெச்சு ஜீரோ எடுக்கறவங்க, கிளிப்ப பிட்டுல மாட்டினீங்களான்னு பாருங்க. மாட்டாம ஓட்டினா மெஷினுக்கு தட்டு இருக்கறதே தெரியாது, நேரா உள்ள இறங்கும். தட்டக் கையால பிட்டுல தொட்டு ஸ்கிரீன்ல விளக்கு எரியுதான்னு பாத்துட்டு அமுக்கறதுக்கு ரெண்டு நொடிதான் ஆகும்.

அடுத்து ஏர் கட். இசட்ட 20 மி.மீ மேல வெச்சு ஜீரோ எடுத்து காத்துல ஓட விடுங்க. இன்ச்சுல இருக்கற ஃபைல மி.மீல ஓட்டினா அங்கயே தெரிஞ்சுரும், 12 இன்ச்சு போர்டு 12 மி.மீ பொட்டா ஓடும். ஜி20ன்னா இன்ச்சு, ஜி21ன்னா மி.மீ, ஃபைல் ஆரம்பத்துலயே இருக்கும். கம்ப்யூட்டர்ல ஸ்லீப்ப ஆஃப் பண்ணுங்க, விண்டோஸ் அப்டேட்ட நிறுத்தி வையுங்க.

ஓடும்போது பக்கத்துலயே நில்லுங்க. சாப்பிடப் போயிட்டு வரலாம்னு போகாதீங்க, சத்தம் மாறறத கேக்க ஒரு காது அங்க வேணும்.

10. கரண்ட் போனா

ஹோமிங் சுவிட்ச் (மெஷின் தன் மூலைய தானே கண்டுபிடிக்கற சுவிட்ச்) இருக்கற மெஷின்தான் வாங்கணும்னு நான் சொல்றதுக்கு இதுதான் காரணம். ஜிஆர்பிஎல்ல ஜி54ங்கற கட்டளையில வெச்ச ஜீரோ போர்டு மெமரியிலயே நிக்கும், ஜி92ல வெச்சது கரண்டோட போயிரும். அதனால ஆரம்பத்துலயே ஹோம் பண்ணி, ஜி54ல ஜீரோ வெச்சு ஓட்டுங்க. கரண்ட் வந்ததும் பலகைய அசைக்காம, பிட்ட கையால மேல தூக்கி, ஹோம் பண்ணி, நின்ன வரிக்கு ஒரு பத்து வரி முன்னாடியிருந்து யுஜிஎஸ்ல திரும்ப ஓட்டலாம். கம்ப்யூட்டருக்கும் கண்ட்ரோலருக்கும் மட்டும் சின்ன யுபிஎஸ் போட்டு ஸ்பிண்டில விட்டுராதீங்க, ஸ்பிண்டில் நின்னு போய் மோட்டார் மட்டும் நகந்தா பிட்டு மரத்துலயே ஒடிஞ்சு நிக்கும். கரண்ட் போனா எல்லாமே ஒண்ணா நிக்கறதுதான் நல்லது.

11. ரேட் சொல்றதுக்கு முன்னாடி

முதல் ரெண்டு மாசம் ஒரு நோட்டு வையுங்க. ஒவ்வொரு வேலைக்கும் வரைஞ்ச நேரம், மாட்டின நேரம், ஓடின நேரம், தேச்சு பாலிஷ் போட்ட நேரம், ஒடஞ்ச பிட்டு. எனக்கு வந்த கணக்கு வேடிக்கையா இருந்துச்சு, ஒரு ஒன்றரை அடி தேக்கு போர்டுக்கு மெஷின் ஓடினது 50 நிமிஷம், கஸ்டமர்கிட்ட ஃபாண்ட் பேசி வரைஞ்சு அனுப்பி திருத்தினது ரெண்டரை மணி நேரம், தேய்க்கறதுக்கு ஒரு மணி நேரம். மெஷின் ஓடற நிமிஷத்துக்கு மட்டும் ரேட்டு போட்டுக்கிட்டிருந்தேன் நானு, நாலு மாசம். இப்ப டிசைனுக்குத் தனியா 300 ரூபாய், ரெண்டு தடவ திருத்தம் வரைக்கும், மூணாவது தடவையில இருந்து தனி. சொன்ன அன்னைக்கே பாதிப் பேரு முதல் ஃபாண்ட்டுலயே ஓகே சொல்லிட்டாங்க.